ஏழு புள்ளி ஒன்பது

எடை எழுதாத பிள்ளைகள் எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறார்கள். மேலிருந்து கீழே இருபத்து மூன்று கட்டம், ஒன்றுகூட விடாமல் கத்தரிப்பூ. நான் இன்னும் ஓர் எண்கூட அடிக்கவில்லை, அதற்குள் எப்படி இந்த நிறம் வந்தது, தப்பாக எதையாவது அமுக்கிவிட்டேனா, அமுக்கியிருந்தால் எதை. ஜெபசீலி டீச்சர் நேற்று மதுரைக்குப் பயிற்சிக்குக் கிளம்பும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான், நீங்க நம்பரை மட்டும் போடுங்க ஆயாம்மா, கலர் தானா வரும், கலரை நீங்க தொடக் கூடாது என்றார். நான் தொடவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன், பிள்ளைகள் பெயர் இருக்கிற எக்ஸெல் ஷீட்டைத் திறந்தேன், போன மாத வரிசைக்கு வலது பக்கத்தில் இந்த மாதத்துக்கென்று விட்டுவைத்திருக்கும் காலி வரிசையைப் பார்த்தேன், அவ்வளவுதான். மணி ஒன்றே முக்கால். தொட்டிலில் எட்டுப் பிள்ளைகளும் பாயில் பதினைந்தும் தூங்குகின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சு மில் ஓடுகிறது, அந்த இரைச்சலில்தான் இவர்களுக்குத் தூக்கம் வரும், கரண்ட் போய் மில் நின்றால் உடனே இருபத்து மூன்றும் விழித்துக்கொண்டு அழும். மில்லில் வேலை பார்க்கிற தாய்மாரின் பிள்ளைகளுக்கான இந்தக் காப்பகத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன், ஆனாலும் தனியாக எடைப் பட்டியல் போடுவது இதுதான் முதல் தடவை. எடை நிறுப்பது எப்போதும் நான், எழுதுவது டீச்சர். இன்று இரண்டும் நான். மூன்றரைக்குள் வெல்ஃபேர் ஆபீசருக்குப் பட்டியல் போக வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் நிறுத்து, தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். தாள் இருக்கிறது, எண் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. கத்தரிப்பூ என்றால்தான் பயம். சிவப்பைவிட மோசம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். சிவப்பென்றால் மாதம் ஒரு வியாழக்கிழமை வருகிற டாக்டர் பிள்ளையைப் பார்ப்பார், வீட்டுக்கு ஒரு கடிதம் போகும். கத்தரிப்பூ என்றால் டாக்டருக்குக் காத்திருப்பது கிடையாது, தாயையும் பிள்ளையையும் பதினைந்து நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரே நேரத்தில் இருபத்து மூன்று தாய்மாரையும் அனுப்பினால் மில்லே நின்றுபோகும். சிரிப்பு வந்தது. சிரித்தபிறகு கொஞ்சம் தைரியமும் வந்தது.

முதல் பெயர் அகிலன். தாளில் பதினொன்று புள்ளி இரண்டு. ஒற்றை விரலால் ஒன்று அடித்தேன், இன்னொரு ஒன்று, புள்ளி, இரண்டு. அடிக்கும்வரை கட்டம் கத்தரிப்பூவாகவே இருந்தது. என்டரைத் தட்டினேன், பச்சை. யாரும் கை வைக்காமல், சத்தம் ஒன்றும் இல்லாமல் பச்சை. அடுத்தது மித்ரா, ஒன்பது புள்ளி எட்டு, பச்சை. ரேவந்த் எட்டு புள்ளி ஒன்பது, மஞ்சள். ரேவந்துக்கு மஞ்சள்தான் வரும், பல் முளைக்கிற காய்ச்சலில் பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அது எனக்குத் தெரியும், ஆனால் இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிந்தது. காய்ச்சலை நான் எழுதவில்லையே. எண்ணுக்குள்ளே காய்ச்சல் இருக்கிறது போலிருக்கிறது. புள்ளி வைத்த எண்ணே எனக்குத் தராசு சொல்லிக்கொடுத்ததுதான். பள்ளிக்கூடத்தில் புள்ளிக் கணக்கு ஆறாம் வகுப்பில் அரைப்பரீட்சைக்குப் பிறகு வரும். நான் அரைப்பரீட்சைக்கு மறுநாளே தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்விட்டேன். அங்கே மரச்சட்டத்தில் வரிசை வரிசையாகப் பள்ளம் இருக்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி, கணக்கப்பிள்ளை உள்ளங்கையை மேலே ஓடவிட்டுப் பார்ப்பார், ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் சட்டத்தைத் தள்ளிவிட்டு அடுத்தவள் சட்டத்தை எடுப்பார். ஏன் காலி, குச்சி ஒடிந்ததா, கை தவறியதா, ஒன்றும் கேட்கமாட்டார். அவருக்குக் காலி என்றால் தப்பு. இந்தக் கட்டமும் அப்படித்தானா, எண் இல்லாத பிள்ளையைத் தேறாத பிள்ளை என்று எடுத்துக்கொள்கிறதா. அப்படியானால் இருபத்து மூன்றும் கத்தரிப்பூவாக இருந்ததற்கு நான் காரணம் இல்லை. ஆனால் அது எதை வைத்து மோசம் என்கிறது. ஒன்றுமில்லாததை எதோடு வைத்துப் பார்த்தது. யோசித்துக்கொண்டே அடித்துப் போனேன். பச்சை, பச்சை, மஞ்சள், பச்சை. பாயில் ஒரு பிள்ளை இருமியது, திரும்பிப் பார்த்தேன், புரண்டு படுத்துக்கொண்டது. பச்சை. ஒரு சிவப்பு வந்தது, அது போன மாதம் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, எதிர்பார்த்ததுதான். ஒவ்வொரு தடவை என்டர் தட்டும்போதும் என்ன நிறம் வரும் என்று மனத்துக்குள் முன்கூட்டியே சொல்லிப் பார்த்தேன். பத்தில் எட்டுச் சரியாக வந்தது. பிள்ளையைத் தூக்கும்போது கையில் தெரிகிற கனம்தானே, அதைத்தான் இது நிறமாகச் சொல்கிறது. கை சொல்வதைப் பெட்டியும் சொல்கிறது என்று நினைக்கும்போது ஏனோ பெருமையாக இருந்தது.

இருபத்தொன்றாவது பெயர் பிரகதி. காளீஸ்வரி மகள், பத்தொன்பது மாதம். தாளில் ஏழு புள்ளி ஒன்பது. சிவப்பு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு அடித்தேன். என்டர். நிறம் மாறவில்லை. கத்தரிப்பூ அப்படியே இருந்தது. சரியாகத் தட்டவில்லையோ என்று இன்னொரு தடவை தட்டினேன், இன்னும் ஒரு பெயர் கீழே போய்விட்டது. மேலே வந்து பார்த்தேன். ஏழு, புள்ளி, ஒன்பது, எல்லாம் இருக்கிறது. எண் இருந்தும் கத்தரிப்பூ. மற்ற இருபது பிள்ளைகளுக்கும் எண் விழுந்ததும் அந்த நிறம் விட்டது, இவளுக்கு மட்டும் ஏன் விடவில்லை. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். கத்தரிப்பூ. எழுந்துபோய்த் தொட்டிலுக்குள் பார்த்தேன். வாயைத் திறந்து தூங்குகிறாள், மூக்கு நுனியில் வியர்வை, வலது கை விரலை மூடி வைத்திருக்கிறாள். மெலிவுதான், யார் இல்லை என்றது, முழங்கால் எலும்பு தெரிகிறது. ஆனால் காலையில் நிறுப்பதற்காக அரைஞாண் கயிற்றைக் கழற்றினேனே, அப்போது முடிச்சு லேசில் அவிழவில்லை. போன மாதம் அந்தக் கயிற்றுக்குள் என் இரண்டு விரல் போனது. இன்று ஒரு விரலே கஷ்டப்பட்டுத்தான் போனது. கயிறு சுருங்காது. பிள்ளைதான் ஊறியிருக்கிறது. என் மகள் உமாவை நான் எந்தத் தராசிலும் வைத்ததில்லை, அரைஞாண் இறுகினால் தேறுகிறது, தளர்ந்தால் இளைக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு, அந்தக் கணக்கில் அவள் வளர்ந்து இன்று கோயம்புத்தூரில் நன்றாகத்தான் இருக்கிறாள். பத்தொன்பது மாதத்தில் உமா எந்த நிறத்தில் இருந்திருப்பாள். நான் எந்த நிறத்தில் இருந்திருப்பேன். தெரியாமல் போனது நல்லதா கெட்டதா. கை தேறியிருக்கிறாள் என்கிறது, பெட்டி தேறவில்லை என்கிறது. இவ்வளவு நேரம் இரண்டும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தன, இப்போது ஏன் பிரிந்தன. தொட்டிலை லேசாக ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கலரைத்தான் தொடக் கூடாது என்றார், எண்ணைத் தொடக் கூடாது என்று சொல்லவில்லை. எட்டு அடித்துப் பார்த்தேன். கத்தரிப்பூ. எட்டு புள்ளி ஒன்று. கத்தரிப்பூ. எட்டு புள்ளி இரண்டு. மஞ்சள். மறுபடி எட்டு புள்ளி ஒன்று, மறுபடி கத்தரிப்பூ. அப்படியென்றால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. நூறு கிராம், ஒரு முட்டை இரண்டு முட்டை கனம், அதற்கு இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ஆனால் சிவப்பு எங்கே போனது. ஒரு கிலோ என்று போட்டுப் பார்த்தாலும் கத்தரிப்பூ, பூஜ்யம் போட்டாலும் கத்தரிப்பூ. இவள் கட்டத்தில் சிவப்பே இல்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அகிலன் கட்டத்துக்குப் போனேன். நல்ல பச்சைப் பிள்ளை, அவன் தாங்குவான் என்று பதினொன்றாகக் குறைத்தேன். பச்சை போய்க் கத்தரிப்பூ வந்தது. பதினொரு கிலோ இருக்கிற பிள்ளைக்கு என்ன குறை, மித்ரா ஒன்பதே முக்காலில் பச்சையாக இருக்கிறாளே. பதினொன்று புள்ளி ஒன்று, பச்சை. கோடு இவனுக்கு வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவன் வரிசையை இடமிருந்து வலமாகப் படித்தேன். பெயர், மாதம், இந்த வயதுக்கு இவ்வளவாவது இருக்க வேண்டும் என்கிற அளவு, போன மாதத்துக்கு முந்தைய மாதம், போன மாதம், இந்த மாதம். போன மாதம் அகிலன் பதினொன்று புள்ளி ஒன்று. அட. பக்கத்துக் கட்டத்தைத்தான் பார்க்கிறது. போன மாதத்தைவிட இறங்கினால் கத்தரிப்பூ. இறங்காவிட்டால்தான் அளவைப் பார்த்துச் சிவப்பா மஞ்சளா பச்சையா என்று யோசிக்கிறது. காலிக் கட்டத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, பூஜ்யம் பதினொன்றைவிடக் கம்மிதானே, இறங்கிவிட்டது, கத்தரிப்பூ. யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்துவிட்டேன். கன்னம் சூடேறியது. டீச்சர் வந்ததும் சொல்ல வேண்டும், உங்கள் ஷீட்டு பிள்ளையை மட்டும் பார்க்கவில்லை, பிள்ளைக்கு இடது பக்கத்தில் இருக்கிறதையும் பார்க்கிறது என்று. அகிலனுக்கு அவனுடைய பதினொன்று புள்ளி இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகுதான் பிரகதிக்கு இடது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

எட்டு புள்ளி இரண்டு. போன மாதம் டீச்சர் அடித்த எண். நான் வாயால் சொல்ல டீச்சர் அடித்த எண். அதற்கும் இடது பக்கத்தில் ஏழு புள்ளி ஏழு, அது இவள் முதன்முதலில் இங்கே வந்த மாதம், அசல் சிவப்பு. அந்தச் சிவப்புக்குக் கடிதம் போனது. காளீஸ்வரி இருப்பது மில் குடியிருப்பில், ஆனால் ஆதாரில் இருப்பது சிவகிரி வீட்டு விலாசம், கடிதம் சிவகிரிக்குப் போய் மாமியார் கையில் கிடைத்தது. நான்காம் நாள் அந்த அம்மாள் ஒரு வயர்கூடையோடு பஸ் ஏறி வந்து காப்பக வாசலில் உட்கார்ந்துகொண்டு, எம் பேத்தி இங்கன பஞ்சத் தின்னா வளருதா, இன்னொரு காகிதம் வந்துச்சுன்னா புள்ளயத் தூக்கிட்டுப் போயிருவேன், அவ மெசினக் கட்டிக்கிட்டு அழட்டும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனது. கெட்ட மனுசி என்று சொல்லமாட்டேன், கூடையில் கேப்பை மாவும் கருப்பட்டியும் கொண்டுவந்திருந்தது. போன மாதம் எடை நிறுக்கிற அன்று காலையில் காளீஸ்வரி ஷிஃப்டுக்குப் போகாமல் என் பின்னாலேயே நின்றாள். பெரியம்மா, இந்த ஒரு மாசம் மட்டும் பாத்துக்கோங்க, பால்குடி மறக்காத பிள்ளைய பிரிச்சுட்டுப் போயிருவாக என்றாள். அழவில்லை, அழுதிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். வெறும் உடம்போடு நிறுத்தேன், ஏழு புள்ளி எட்டு. எண்ணை டீச்சரிடம் சொல்லாமல் இறக்கிவிட்டேன். சாப்பாடு முடிந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தபிறகு, கொலுசும் அரைஞாணும் போட்டு, நனைந்த ஜட்டியோடு மறுபடி தூக்கி வைத்தேன். எட்டு புள்ளி இரண்டு. ஆள் பொய்யில்லை, தராசு பொய்யில்லை, எண்ணும் பொய்யில்லை, நிறுத்த நேரம் மட்டும்தான் பொய் என்று அன்றைக்குத் தோன்றியது. பஞ்சு மூட்டையில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றிக் கொண்டுவருகிற வியாபாரியை மில் வாசலில் என்ன கிழி கிழிக்கிறார்கள். என்னை ஒருவரும் கிழிக்கவில்லை. டீச்சர் அடித்தார், மஞ்சள் வந்தது, பரவாயில்லையே, ஒரே மாதத்தில் அரைக் கிலோ ஏறிவிட்டாளே என்று சந்தோஷப்பட்டார். கடிதம் போகவில்லை. வியாழக்கிழமை டாக்டர் வந்தபோது சிவப்புப் பிள்ளைகள் மூன்று பேரை மட்டும் கூப்பிட்டார்கள். பிரகதி என் இடுப்பில்தான் இருந்தாள், டாக்டரின் கழுத்தில் தொங்கிய குழாயைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நான் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன்.

ஏழு ஏழு, ஏழு எட்டு, ஏழு ஒன்பது. விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன். மாதத்துக்கு நூறு கிராம், மெதுவாகத்தான், ஆனால் ஏறுகிறாள். அரைஞாண் சொன்னது சரி, கை சொன்னது சரி. இறங்கினது அவள் இல்லை, நான் ஏற்றிவைத்தது இறங்கியிருக்கிறது. நான் காப்பாற்றினேன் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தது இப்போது அவளுக்கு வலது பக்கத்தில் கத்தரிப்பூவாக வந்து நிற்கிறது. இப்படியே அனுப்பினால் ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளையை இறங்குகிறதென்று சொல்லி ஆஸ்பத்திரியில் போடுவார்கள், ஏன் அரைக் கிலோ ஏறி உடனே இறங்கியது என்று இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், ஊசி குத்துவார்கள், இல்லாத நோயைத் தேடுவார்கள். அனுப்ப முடியாது. அப்படியானால் எட்டு புள்ளி இரண்டு. விரல் போய் எட்டின் மேலே நின்றது. எட்டு புள்ளி இரண்டு போட்டால் மஞ்சள், யாருக்கும் தொந்தரவில்லை, மூன்றரைக்குப் பட்டியல் போய்விடும். அடுத்த மாதம் அவள் அசலாக எட்டு வருவாள், எட்டு போட்டால் மறுபடி கத்தரிப்பூ, அப்போது எட்டு மூன்று போட வேண்டும், அதற்கடுத்த மாதம் எட்டு நான்கு. பொய்க்கும் மாதாமாதம் சோறு போட வேண்டும், அது பிள்ளையைவிட வேகமாக வளரும். டாக்டர் வருவார், போவார், சிவப்புப் பிள்ளைகளைப் பார்ப்பார், நான் இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் நிற்பேன். அவளுக்கு ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், அவள் தாய் வீட்டு வாகே ஒல்லி, காளீஸ்வரியின் மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கும். பூச்சி இருக்கலாம். பாலிலேயே வயிறு நிறைந்து சோற்றைத் தள்ளுகிறதாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்தவர் மாதம் ஒரு நாள் இந்த அறைக்கே வருகிறார். இதை நான் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறேன். நூறு கிராம் ஏறுகிற பிள்ளைக்கு ஒரு மாதம் என்றால் எவ்வளவு என்று இந்த ஷீட்டில் எந்தக் கட்டமும் சொல்லவில்லை. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அது எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது, தெரியாத மாதிரி மற்ற இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். போன மாதக் கட்டத்தைத் திருத்த வேண்டும். திருத்தினால் டீச்சர் கண்ணில் படும், அவர் ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் தனியாக எழுதி வைத்துக்கொள்கிறவர். ஏன் மாற்றினீர்கள் என்பார். வேலை போகுமா. ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு ஐம்பது வயதில் யார் வேலை கொடுப்பார்கள். போகாது, போகலாம், போகாது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருதரம் கடக் என்கிறது, அதற்கு எண்ணெய் விடச் சொல்லி எத்தனை நாளாயிற்று. கை வியர்த்துவிட்டது, சேலையில் துடைத்துக்கொண்டேன். சிவப்பு என்றால் கடிதம், கடிதம் என்றால் சிவகிரி. அவளிடம் நான் என்ன சொல்வேன்.

எட்டு புள்ளி இரண்டின் மேல் போய் நின்று ஏழு புள்ளி எட்டு அடித்தேன். கொஞ்ச நேரம் என்டரைத் தட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவரைக்கும் மஞ்சளாகவே இருந்தது. தட்டினேன். போன மாதம் சிவந்தது, அதே நேரத்தில், நான் தொடாமலே, இந்த மாதக் கட்டமும் கத்தரிப்பூவை விட்டுச் சிவந்தது. ஒன்றைத் திருத்தினேன், இரண்டு மாறின. அதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தேனோ என்கிற மாதிரி ஒரு கணம் எல்லாம் மறந்துபோய் அதையே பார்த்தேன். மூன்று சிவப்பு வரிசையாக, ஏழு ஏழு, ஏழு எட்டு, ஏழு ஒன்பது. மீதி இரண்டு பிள்ளைகளையும் போட்டேன், ஒரு பச்சை, ஒரு மஞ்சள். டீச்சர் காட்டித்தந்தபடி சேவ் செய்தேன். உடனே மதுரைக்குப் போன் அடித்தேன், தள்ளிப்போட்டால் எனக்குத் தைரியம் இருக்காது. டீச்சர் வகுப்பில் இருந்தார் போல, மெல்லிய குரலில் என்ன ஆயாம்மா என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், கொலுசு, தண்ணீர், நனைந்த ஜட்டி உட்பட. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, உண்மையிலேயே ஏழு எட்டுதானா, இப்பவாவது நிச்சயமாச் சொல்றீங்களா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். நான் வெள்ளிக்கிழமை வர்றேன், வந்து பேசிக்கலாம், பட்டியலை அப்படியே அனுப்புங்க என்றார். வைத்துவிட்டார். அந்தப் பேசிக்கலாமில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. அனுப்பினேன்.

இரண்டே முக்காலுக்குப் பால் கொடுக்கிற தாய்மார் கால் மணி நேரம் வருவார்கள். இன்று காளீஸ்வரி மட்டும்தான் வந்தாள், தலையில் கட்டிய துணியிலும் புருவத்திலும் பஞ்சு. கையைக் கழுவிவிட்டுத் தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே எவ்வளவு பெரியம்மா என்றாள். நான் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், விளக்க வேண்டியதில்லை. பார்த்தாள்.

"போன மாசம் மஞ்சள்னு சொன்னீங்க."

"சொன்னேன். இன்னைக்கு மாத்திட்டேன்."

நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன், பக்கத்துக் கட்டம், இறங்குமுகம், பெரிய ஆஸ்பத்திரி என்று ஒன்றின் மேல் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன், அவள் நடுவில் நிறுத்தினாள்.

"உங்கள நம்பித்தான கேட்டேன். முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் வேற வழி பாத்திருப்பேன்ல."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

"இப்ப காகிதம் போயிரும்."

"பட்டியல் போயிட்டுது."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அகிலன் உதைத்துத் தள்ளிய போர்வையை இழுத்துவிடப் போனேன். போர்த்திவிட்டேன், பக்கத்துப் பிள்ளைக்கும் போர்த்திவிட்டேன், அதற்குத் தேவையில்லை. திரும்பி வந்தபோது அவள் பிள்ளையை மறு பக்கத்துக்கு மாற்றிவிட்டு, விரலைத் திரையில் படாமல் பிடித்துக்கொண்டு அந்த வரிசையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு ஏழு, ஏழு எட்டு, ஏழு ஒன்பதா" என்றாள். "இது அசலா. தண்ணி கிண்ணி ஒண்ணுமில்லையே."

"காலையில வெறும் வயித்துல, ஒட்டுத் துணி இல்லாம. அரைஞாணக்கூடக் கழத்திட்டேன். சந்தேகம்னா இப்பவே தூக்கி வை."

அவள் வைக்கவில்லை. பிள்ளையின் வயிற்றுப் பக்கம் கையைவிட்டு அந்தக் கயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"இதப் பிரிண்ட் எடுத்துத் தருவீங்களா. அத்தைக்கு எழுத்துத் தெரியாது, நம்பர் தெரியும். காகிதம் போய்ச் சேருறதுக்கு முன்னால நான் போய்க் காட்டணும்."

ஆபீஸ் பிரிண்டரில் கலர் வராது, எல்லாம் சாம்பலாகத்தான் வரும் என்றேன். சாம்பலே போதும் என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு வாசல்வரை போனவள் அங்கேயே நின்று, டாக்டர் வருவது வியாழக்கிழமை காலையா மத்தியானமா என்று கேட்டாள். காலை, பத்து மணி என்றேன்.

"அப்ப நானே வந்து காட்டுதேன்" என்றாள். "நீங்க தூக்காதீங்க."